ஏழு வாரத்தில் வந்த அணி, எங்கள் அணியான கதை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ரசிகர்களின் நினைவில் சென்னையின் எஃப்.சி.யின் ஆரம்ப ஆண்டுகள்

2025 செப்டம்பரில் தொடங்கியிருக்க வேண்டிய இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கவில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010-ல் போட்டதும், எஃப்.எஸ்.டி.எல். நிறுவனம் லீகை நடத்த அடிப்படையாக இருந்ததுமான 15 ஆண்டு, 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் டிசம்பர் 8-ஆம் தேதியோடு முடிவதாக இருந்தது. அதற்கப்புறம் என்ன என்று தெரியாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது என்று ஜூலையிலேயே நிறுவனம் கையை விரித்துவிட்டது. சில கிளப்புகள் முதல்நிலை அணியின் வேலைகளை நிறுத்திவைத்தன. உரிமைக்கு டெண்டர் விட்டார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. சுருக்கமான வடிவில் பிப்ரவரி 14-ல் லீக் தொடங்கும் என்ற அறிவிப்பு, புது வருஷம் பிறந்து ஜனவரியில்தான் வந்தது.

ஆவடியில் நீல ஜெர்சியோடு மூர் மார்க்கெட் வண்டி ஏறுகிறவர்களுக்கு அந்த மாதங்களில் போக்கிடம் இல்லை. அம்பத்தூர் ஓ.டி. பக்கத்து டீக்கடைகளிலும், முகப்பேரில் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் டர்ஃப் வாசல்களிலும், பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பேச வழியில்லாததால் பேச்சு பின்னோக்கிப் போனது. எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் 2014-ல் போய் நிற்கும்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தப் பக்கம் மனை வாங்கியவர்களுக்கு நன்றாகத் தெரியும்: பத்து வருஷம் குடியிருந்தாலும் பட்டா கையில் இல்லையென்றால் தூக்கம் வராது. சென்னையின் ரசிகர்கள் அப்படிக் குடியிருப்பவர்கள்தான். அணியின் உரிமை முதலாளிகளிடம் இருக்கிறது, லீகின் உரிமை வேறு எங்கோ இருக்கிறது. ரசிகர்களிடம் இருப்பது அனுபவ பாத்தியதை மட்டுமே. முதல் சில வருஷங்களை அவர்கள் தேதி வாரியாக, நிமிடக் கணக்கோடு சொல்லும்போது அந்தப் பாத்தியதையைத்தான் நிலைநாட்டுகிறார்கள்.

பெங்களூருக்குப் போக வேண்டியது

2014 ஏப்ரலில் எட்டு நகரங்களுக்கான அணி உரிமைகள் அறிவிக்கப்பட்டன. கொல்கத்தா, மும்பை, டெல்லி, கோவா, கொச்சி, குவாஹாட்டி, புனே, பெங்களூரு. சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், பெங்களூருக்கான உரிமையை வாங்கியது சென்னையைச் சேர்ந்த சன் குழுமம். சில மாதங்களில் அந்தக் குழுமம் விலகிக்கொண்டது. காலியான அந்த இடம்தான் ஆகஸ்ட் கடைசியில் சென்னைக்கு வந்தது. அபிஷேக் பச்சனும் வீட்டா தானியும் உரிமையாளர்கள். அக்டோபரில் தோனியும் சேர்ந்துகொண்டார். கிரிக்கெட்டில் மஞ்சள் உடுத்தியவரே ஃபுட்பாலில் நீலத்துக்கு வந்தது அணிக்குப் பெரிய விளம்பரம்.

அறிவிப்புக்கும் முதல் ஆட்டத்துக்கும் நடுவே ஏழே வாரம். அதற்குள் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இத்தாலியின் மார்கோ மாடராஸி வந்து இறங்கினார். 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸிடான் தலையால் முட்டிச் சாய்த்த அதே மாடராஸிதான். பிரேசிலின் எலானோ, பிரான்ஸின் மிக்கேல் சில்வெஸ்டர், பெர்னார் மெண்டி என்று டி.வி.யில் மட்டும் பார்த்திருந்த பெயர்கள் பின்னாலேயே வந்தன. வருஷக் கடைசியில் இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டாவும் வந்து சேர்ந்தார்.

அப்போது கல்லூரியில் இருந்தவர்கள் இப்போது ஒத்துக்கொள்கிறார்கள், முதலில் யாரும் இதை நம்பவில்லை என்று. ஓய்வு பெறும் வயதிலிருக்கும் வெளிநாட்டு நட்சத்திரங்கள், பாலிவுட் முதலாளி, இரண்டு மாத லீக். பணக்காரர்களின் பொழுதுபோக்கு, இரண்டு சீசனில் கடையைக் கட்டிவிடுவார்கள் என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். அந்தப் பெரியவர்கள் ஃபுட்பால் தெரியாதவர்களாக இருந்திருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பாதையெல்லாம் பந்து

சென்னையில் ஃபுட்பால் என்றால் எல்லோரும் வடசென்னை என்பார்கள். தப்பில்லை. ஆனால் ஆவடி லோக்கலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் இந்த ஊர்க் கால்பந்தின் பாதிச் சரித்திரம் வெளியே ஓடும். ஆவடியில் 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் ஓ.சி.எஃப்.; இரண்டும் குவார்ட்டர்ஸும் மைதானமுமாக எழும்பியவை. அண்ணனூர், திருமுல்லைவாயல் தாண்டினால் அம்பத்தூர். 1960-களில் உருவான தொழிற்பேட்டை, அதற்கும் முந்தைய டி.ஐ. சைக்கிள், டன்லப். கொரட்டூர், வில்லிவாக்கம் கடந்தால் 1955-ல் திறந்த ஐ.சி.எஃப். பெரம்பூரில் ரயில்வே பணிமனைகள். அதையடுத்து வியாசர்பாடி ஜீவா.

அந்தக் காலத்தில் ஃபுட்பால் ஆடத் தெரிந்தவனுக்கு வேலை கிடைத்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஐ.சி.எஃப்.பிலோ தென்னக ரயில்வேயிலோ வங்கியிலோ சேர்ந்துவிட்டால் காலையில் அலுவலகம், மாலையில் பயிற்சி, வாரக் கடைசியில் லீக். 1934-ல் தொடங்கிய சென்னைக் கால்பந்துச் சங்கத்தின் சீனியர் டிவிஷன் லீகில் இந்த நிறுவன அணிகள்தாம் பெரிய தலைகள். ஆட்டம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அதே தொழிற்சாலையின் ஷிஃப்ட் முடித்தவர்கள். ஆடுகிறவர் பக்கத்து மெஷினில் வேலை செய்கிறவராக இருப்பார். கோல் அடித்தால் மறுநாள் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுப்பார்கள். கோட்டைவிட்டால் அதே கேன்டீனில் மானம் போகும்.

தமிழ்நாட்டுக்கு அதைவிடப் பழைய பெருமையும் இருந்தது. வெலிங்டனின் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. கோல் காவலர் பீட்டர் தங்கராஜ் அந்த அணியிலிருந்துதான் இந்தியாவுக்கு ஆடப் போனார். சென்னை நேரு ஸ்டேடியம் இன்றைய உருவத்தில் எழுந்ததே ஃபுட்பாலுக்காக. கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்த காலத்தில் அங்கே கிரிக்கெட் டெஸ்டுகளும் நடந்தன. 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அந்த மண்ணில்தான். 1993-ல் புதிதாகக் கட்டி நேரு கோப்பையை நடத்தினார்கள். வட கொரியா கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

பிறகு தொழிற்சாலைகள் ஆள் எடுப்பதைக் குறைத்தன. 1990-களின் பிற்பகுதியில் தேசிய கால்பந்து லீகில் சென்னையின் கொடியைத் தூக்கிப் பிடித்தது இந்தியன் வங்கி. அந்த அணியும் மெல்லத் தேசிய மேடையிலிருந்து இறங்கியது. அடுத்த தலைமுறைக்கு ஃபுட்பால் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு டி.வி.யில் வரும் இங்கிலீஷ் லீக் என்றானது. அம்பத்தூர்ப் பையன் லிவர்பூலுக்காகத் தூக்கம் கெட்டான். வில்லிவாக்கத்தில் ஆட்டம் நடப்பது அவனுக்குத் தெரியாது.

2014 செப்டம்பர் 26-ல் பா.இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' வெளியாகி, வியாசர்பாடிப் பையன்கள் பந்தாடுவதைத் திரையில் காட்டியது. அதற்கு ஒரு மாதத்துக்குள் நேரு ஸ்டேடியத்தில் எலானோ இறங்கினார். திட்டமிட்டு நடந்ததில்லை. ஆனால் அந்த அக்டோபரில் ஊர் சற்றே தயாராக இருந்தது.

எலானோவின் வருஷம்

முதல் ஆட்டம் அக்டோபர் 15, கோவாவில். பல்வந்த் சிங் அடித்தது அணியின் முதல் கோல். லீகில் ஓர் இந்தியர் அடித்த முதல் கோலும் அதுதான். எலானோ இன்னொன்று போட, 2–1 வெற்றி. ஆறு நாள் கழித்து அக்டோபர் 21-ல் சொந்த ஊரில் முதல் ஆட்டம். எதிரே கேரளா பிளாஸ்டர்ஸ்.

அந்தச் சாயங்காலத்தை மேற்குப் புறநகர்க்காரர்கள் தனியாக நினைவு வைத்திருக்க ஒரு காரணம் உண்டு. ஆவடி, அம்பத்தூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்து இங்கேயே வேரூன்றிய மலையாளக் குடும்பங்கள் ஏராளம். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அன்று ஒரே வண்டியில் மஞ்சளும் நீலமுமாக ஏறினார்கள். மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி பெரியமேடு நோக்கி நடக்கும் வழியெல்லாம் கேலி. எலானோ பெனால்ட்டியில் முதல் கோல். இயான் ஹ்யூம் சமன் செய்தார். அப்புறம் மெண்டி. கோல்கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குதிகாலால் ஒரு தட்டு, பந்து வலைக்குள். 2–1. பார்த்தவர்களைக் கேட்டால் வார்த்தையில் சொல்ல மாட்டார்கள், எழுந்து நின்று காலைத் தூக்கிக் காட்டுவார்கள்.

'போடு மச்சி கோலு' என்பது வாய்க்கு வாய் பரவியது. பி ஸ்டாண்டில் கூடியவர்கள் பி ஸ்டாண்ட் புளூஸ் ஆனார்கள். சூப்பர் மச்சான்ஸ் என்று இன்னொரு குழு. மேளம், பேனர், நிற்காத பாட்டு. கானாவின் மெட்டில் ஆட்டக்காரர்களின் பெயரை நுழைத்துப் பாடும் கலையை யாரும் கற்றுத்தரவில்லை. பிரேசில்காரர் பெயரைச் சென்னைத் தாளத்தில் உடைத்துப் பாட ஓர் இடைவேளை போதுமானதாக இருந்தது.

பூந்தமல்லிக்காரர்களுக்கு வழி இன்னும் நேர். அவர்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய நெடுஞ்சாலையே ஸ்டேடியத்தின் பக்கம்வரை வருகிறது. பஸ்ஸில் ஏறினால் போதும். திரும்புவதுதான் பாடு. ஆட்டம் முடிந்து ராத்திரி பஸ் பிடித்து குமணன்சாவடியில் இறங்கும்போது தெரு அடங்கியிருக்கும். ஃபுட்பால் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த நேரத்தில் வீடு திரும்புவது பெண்களுக்கு அத்தனை லேசாக இல்லை. தோழிகளாகச் சேர்ந்து போவது, அண்ணனை இழுத்துக்கொண்டு போவது, பிறகு அண்ணன் சலித்துப்போய் அவர்கள் மட்டும் போவது என்றே பலருடைய முதல் இரண்டு சீசன்கள் கழிந்தன.

லீக் சுற்றின் முடிவில் சென்னை முதலிடம். எட்டு கோலோடு எலானோ அந்த சீசனின் முதல் கோலடிப்பாளர். அரையிறுதியில் மறுபடியும் கேரளா. கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் 0–3. கதை முடிந்தது என்றார்கள்.

மார்கழி முதல் நாள்

2014 டிசம்பர் 16. மூன்று கோல் அடித்தால் சமன், நான்கு அடித்தால் இறுதியாட்டம். இடைவேளைக்குச் சற்று முன் சில்வெஸ்டர் ஒன்று. இரண்டாம் பாதியில் சந்தேஷ் ஜிங்கான் தன் வலைக்குள்ளேயே தள்ளிக் கொடுத்தது இன்னொன்று. 90-ஆவது நிமிடத்தில், மிசோரத்திலிருந்து வந்து இந்த ஊரின் செல்லப்பிள்ளையாகிவிட்ட ஜெஜே லால்பெக்லுவா மூன்றாவதை அடித்தார். மொத்தக் கணக்கு 3–3. முன்னே பின்னே தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். கூடுதல் நேரத்தில் பெனால்ட்டி ஷூட்-அவுட்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது, 117-ஆவது நிமிடத்தில், கேரளாவின் ஸ்டீஃபன் பியர்சன் ஒரே ஒரு கோல் போட்டார். முடிந்தது.

கேரளா இறுதிக்குப் போனது. சென்னை வீட்டுக்குப் போனது. ஆவடி வண்டியில் அன்றிரவு மஞ்சள் ஜெர்சிக்காரர்கள்கூட அடக்கி வாசித்ததாக ஒரு கட்சி. இல்லை, அம்பத்தூர்வரை மானத்தை வாங்கினார்கள் என்று மறு கட்சி. இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

ரசிகர்களைக் கேட்டால் அணி தங்களுடையதான நாளாக இந்தத் தோல்வியைத்தான் சொல்கிறார்கள். அதுவரை எலானோவைப் பார்க்கப் போனவர்கள் நிறையப் பேர். பச்சன் வருவாரா, தோனி வருவாரா என்று எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. அன்று ஆட்டம் முடிந்த பிறகும் இடத்தை விட்டு எழ மனமில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள்தாம் அடுத்த வருஷம் திரும்பி வந்தார்கள். ஜெயித்த அணியோடு ஒட்டிக்கொள்ள யாராலும் முடியும். இப்படித் தோற்றதைச் சேர்ந்து பார்த்தவர்களுக்குள் ஓர் உறவு வந்துவிடுகிறது.

வெள்ளத்தில் வந்த கோப்பை

2015 சீசனில் சென்னை புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்து, கடைசி ஆட்டங்களை வரிசையாக வென்று அரையிறுதிக்கு ஏறியது. அதே வாரங்களில் ஊரும் மூழ்கிக்கொண்டிருந்தது. நவம்பர் மழை, டிசம்பர் 1-ஆம் தேதியின் பேய் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் இறங்கி நகரத்தையே முக்கியெடுத்தது. அந்த ஏரி பூந்தமல்லிக்காரர்களின் வீட்டுப் பக்கத்து ஏரி. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளை ஒட்டிய தெருக்களிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது.

அரையிறுதியின் முதல் ஆட்டம் நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டியது. புனேவுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 12-ல், சொந்த ஊர் ஆட்டம் என்ற பெயரில், வேறு ஊரின் மைதானத்தில் நடப்புச் சாம்பியன் கொல்கத்தாவை 3–0 என்று அடித்தது சென்னை. பெலிஸாரி, ஜெஜே, மெண்டோஸா ஆளுக்கு ஒன்று. கொல்கத்தாவில் 1–2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4–2.

அந்த ஆட்டங்களை எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டால்தான் உண்மையான கதை வருகிறது. தண்ணீர் வடிந்த கூடத்தில் நனைந்த மெத்தையைச் சாத்திவிட்டு நின்றபடி பார்த்தவர்கள். டி.வி. பழுதானதால் மாடி வீட்டுக்காரரிடம் போனவர்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் கல்யாண மண்டபத்தில் ஒருவர் செல்போனைச் சுற்றிப் பத்துப் பேர் குனிந்து நின்ற கதை.

டிசம்பர் 20, கோவாவின் ஃபடோர்டா. எதிரணியின் சொந்த மண்ணிலேயே இறுதியாட்டம். 87-ஆவது நிமிடத்தில் கோவா 2–1 என்று முந்தியது. 90-ஆவது நிமிடத்தில் கோவாவின் கோல் காவலர் கட்டிமணியின் கை பட்டுப் பந்து அவருடைய வலைக்குள்ளேயே போனது. அதிர்ச்சி அடங்குவதற்குள், காயத்துக்கான கூடுதல் நிமிடங்களில் ஸ்டீவன் மெண்டோஸா. 3–2. பதின்மூன்று கோலோடு அந்த வருஷத்தின் தங்கக் காலணியும் அவருக்கே.

வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு அழியாமல் இருந்த நேரத்தில் ஊருக்கு ஒரு கோப்பை வந்தது. வெள்ளத்தையும் வெற்றியையும் பிரித்துச் சொல்ல இந்தப் பக்கத்து ரசிகர்களுக்கு இன்றும் வரவில்லை.

வியாசர்பாடிப் பையனின் கோல்

இந்தக் கதையில் தொழிற்சாலைக் காலத்துப் பெரியவர்களுக்கு ஒரு மனக்குறை இருந்தது. பிரேசில்காரர் இருக்கிறார், இத்தாலிக்காரர் இருக்கிறார், மிசோரம் பையன் இருக்கிறான். நம்ம ஆள் எங்கே? பக்கத்து மெஷின்காரர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களின் நியாயமான கேள்வி.

பதில் 2018 மார்ச் 13-ல் வந்தது. கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம், நேரு ஸ்டேடியம். முதல் ஆட்டம் 1–1. ஜெஜே முதல் கோல் அடித்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, வியாசர்பாடியில் பந்தாடி வளர்ந்த தன்பால் கணேஷ் இரண்டாவதைத் தலையால் போட்டார். அவர் வளர்ந்த தெருக்களிலிருந்து அந்த ஸ்டேடியம் நடந்தே போகக்கூடிய தூரம். கடைசியில் ஜெஜே இன்னொன்று அடிக்க 3–0. பயிற்சியாளர் ஜான் கிரிகரியின் உதவியாளராக ஓரத்தில் நின்றவர் சபீர் பாஷா, இந்தியன் வங்கிக்கு ஆடிய பழைய முன்கள ஆட்டக்காரர். நிறுவன அணிக் காலமும் லீக் காலமும் அந்த ஒரு சாயங்காலம் கைகோத்துக்கொண்டன. ஐ.எஸ்.எல். பக்கம் தலைவைத்தும் படுக்காத பெரியவர்கள் மறுநாள் பேப்பரைத் தேடி வாங்கினார்கள்.

நான்கு நாள் கழித்து, மார்ச் 17-ல், பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் இறுதியாட்டம். அங்கே போகும் ரயில் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போகிறது என்பதில் இந்தப் பக்கத்தவர்களுக்குத் தனிப் பெருமிதம். சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே அடித்துவிட்டார். மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னர்களைத் தலையால் முட்டி இரண்டு கோலாக்கினார். ரஃபேல் அகஸ்தோ மூன்றாவது. மிக்கு கடைசியில் ஒன்றைத் திருப்பினார், போதவில்லை. 3–2. இரண்டாவது கோப்பை.

இறுதியாட்டங்கள் எங்கே நடந்தன?

2015: ஃபடோர்டா, கோவா. கோவாவை 3–2 என வென்றது.

2018: கண்டீரவா, பெங்களூரு. பெங்களூருவை 3–2 என வென்றது.

2020: ஃபடோர்டா, கோவா. கொல்கத்தாவிடம் 1–3 எனத் தோற்றது.

ஆளில்லாத மைதானம்

மேலே உள்ள பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் உறைக்கும். இந்த அணி மூன்று இறுதியாட்டம் ஆடியிருக்கிறது, மூன்றும் வெளியூரில். இரண்டு கோப்பை வென்றிருக்கிறது, ஒன்றைக்கூடத் தன் ஊர் ஸ்டேடியத்தில் தூக்கவில்லை. 2019-ல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஏ.எஃப்.சி. கோப்பையில் ஆடும் வாய்ப்பு வந்தபோது, அதன் 'சொந்த ஊர்' ஆட்டங்கள் அகமதாபாத்தில் நடந்தன.

2020 பிப்ரவரி 29-ல் ஓவன் கோயில் பயிற்றுவித்த அணி நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 4–1 என்று துவைத்து எடுத்தது. அடுத்த ஆட்டத்தில் 2–4 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் தப்பி இறுதிக்குப் போனது. மார்ச் 14-ல் நடந்த அந்த இறுதியாட்டத்துக்குக் கொரோனா காரணமாக ரசிகர்களையே விடவில்லை. அதற்கடுத்த இரண்டு சீசன்களிலும் அணியின் ஆட்டங்கள் முழுக்கக் கோவாவில், வெற்று இருக்கைகளுக்கு முன்னால் நடந்தன. 2022 அக்டோபர் 14-ல் பெங்களூருவோடு 1–1 என்று ஆடித்தான் அணி ஊருக்குத் திரும்பியது. நடுவே இரண்டரை ஆண்டு.

அதற்குள் எலானோவைப் பார்த்தவர்களுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்துவிட்டது. ஜெஜே அணியை விட்டுப் போய், 2023-ல் மிசோரம் சட்டமன்றத்துக்கே தேர்வாகிவிட்டார். ஆவடித் தொழிற்சாலைகளும் 2021-ல் அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டுப் பெயர் மாறிவிட்டன. திரும்பி வந்தவர்கள் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் புதுப் பையன்கள். 2014 டிசம்பரில் என்ன நடந்தது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஆரம்பகாலக் கதைகள் வரிசையும் வடிவும் பெற்றது அப்போதுதான்.

பக்கத்து வீட்டுக் கதவுகள்

இவ்வளவு அக்கறையாகச் சொல்லி வைக்க வேண்டிய அவசியம் என்ன? சுற்றிப் பார்த்தால் புரியும். முதல் சீசனில் சென்னையோடு ஆடிய புனே அணி 2019-ல் மறைந்து, அந்த இடத்தில் ஹைதராபாத் வந்தது. டெல்லி டைனமோஸ் அதே வருஷம் புவனேஸ்வருக்குப் பெயர்ந்து ஒடிசா ஆனது. அந்த ஹைதராபாத்தும் 2025-ல் டெல்லிக்குப் போய்ப் புதுப் பெயர் வைத்துக்கொண்டது. புனேவில், டெல்லியில், ஹைதராபாத்தில் மேளம் அடித்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம் மாநிலத்திலேயே சென்னை சிட்டி எஃப்.சி. இருந்தது. கோயம்புத்தூரைத் தளமாக வைத்து ஆடி 2018–19 ஐ-லீகை வென்றது; பெட்ரோ மன்ஸி 21 கோல் அடித்தார். அங்கிருந்து எட்வின் சிட்னி போன்ற தமிழ்ப் பிள்ளைகள் மேலே வந்தார்கள். 2020–21 சீசனுக்குப் பிறகு அந்த அணி தேசிய லீகில் இல்லை. கோப்பை வென்று இரண்டே வருஷம்.

வேறு நாடுகளில் கதை வேறு. இங்கிலாந்தின் விம்பிள்டன் அணியை 2002-ல் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்தார்கள். ரசிகர்கள் உடனே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தாங்களே ஓர் அணியைத் தொடங்கினார்கள். ஊர்ப் பொது மைதானத்தில் ஆள் தேர்வு நடத்தி, ஒன்பதாம் படிநிலை லீகில் ஆரம்பித்து, ஒன்பதே ஆண்டில் தொழில்முறை லீகுக்குள் நுழைந்தார்கள். ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி: கிளப்பில் உறுப்பினர்களின் ஓட்டு பாதிக்கு மேல் இருக்க வேண்டும், எந்த முதலாளியும் தன் இஷ்டத்துக்கு அணியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒருசில விதிவிலக்குகளோடு அது இன்றும் நடப்பில் இருக்கிறது.

சென்னையில் இதெல்லாம் நாளைக்கே வந்துவிடாது. முதலாளிகளையும் குறை சொல்வதற்கில்லை. பன்னிரண்டு வருஷமாக லாபம் காட்டாத ஒரு தொழிலை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பெரியவர்கள் சொன்னதுபோல இரண்டு சீசனில் கடையைக் கட்டிவிட்டுப் போகவில்லை. பணம் போட்டவரின் கஷ்டம் ரசிகருக்கும் தெரியும். ஆனால் வேறோர் ஊர் விட்டுக்கொடுத்த இடத்தில் ஏழு வாரத்தில் முளைத்த அணி, ஏழு வாரத்தில் இன்னோர் ஊருக்குப் போக விதியில் எந்தத் தடையும் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். 2025-ன் அந்த வெற்று மாதங்கள் அந்தப் பயத்தைக் கண்ணில் காட்டிவிட்டன.

ரசிகர்களின் பேச்சில் கோரிக்கைகளும் உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன. பெரிதாக எதையும் கேட்கவில்லை. முதலாவது, பதிவு. 2014 முதலான படங்கள், டிக்கெட்டுகள், பேனர்கள் எல்லாம் வீட்டு அலமாரிகளிலும் பழைய செல்போன்களிலும் கிடக்கின்றன. ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கிக் காலத்து ஆட்டங்களுக்கு அதுகூட இல்லை, ஆடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நேரு ஸ்டேடியத்தில் ஓர் அறை ஒதுக்கினால் இந்த இரண்டு காலத்தையும் சேர்த்து வைக்கலாம். இரண்டாவது, மைதானம். ஆவடியும் அம்பத்தூரும் தொழிலாளிக்குப் பந்தாட இடம் விட்டுக் கட்டிய ஊர்கள். இன்று இங்கே பையன்கள் மணிக்கணக்கில் காசு கொடுத்து டர்ஃபில் ஆடுகிறார்கள், காசில்லாதவன் ஆடுவதில்லை. அடுத்த தன்பால் கணேஷ் இந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டுமென்றால் பூட்டிய தொழிற்சாலை மைதானங்கள் திறக்க வேண்டும். கிளப்பின் பயிற்சியாளர்கள் அங்கே வாரத்துக்கு ஒருமுறையாவது வர வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். லீகுக்கு அடுத்து எழுதப்போகும் ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்காக இருந்தாலும், எத்தனை கோடிக்காக இருந்தாலும், ரசிகர்களைப் பற்றி அதில் ஒரு விதி இருக்கட்டும்: ஓர் அணியின் ஊரையோ பெயரையோ நிறத்தையோ மாற்றுவதாக இருந்தால், அந்த ஊரின் பதிவுபெற்ற ரசிகர் குழுக்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும். இந்த விதிக்கு யாருக்கும் ஒரு ரூபாய் செலவில்லை. 117-ஆவது நிமிடத்தில் தோற்ற பிறகும் அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியவர்களுக்கு அந்த மரியாதை பாக்கி இருக்கிறது.